கடைமடை வரை போய்ச் சேருமா காலநிலைப் பேச்சு?

காலநிலை மாற்றத்தை வகுப்பில் சொல்லிக் கொடுப்பவர்கள், அதைப் பற்றி எழுதுபவர்கள், ஆய்வு செய்பவர்கள் தங்கள் சந்தேகங்களை அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் கல்வித் தாள் எடுக்கிறேன். காலநிலை மாற்றப் பாடத்தைப் பனிக்கரடி, உருகும் பனிப்பாறைப் படங்களோடு தொடங்கினால் பத்தாவது நிமிடமே கவனம் கலைந்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
— கல்லூரி ஆசிரியை, மன்னார்குடி

மழைக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று நம் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். முதல் வகுப்பில் எதையும் விளக்காமல், வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று விஷயம் மட்டும் கேட்டுவரச் சொல்லுங்கள். சம்பா நடவு எந்த மாதத்தில் முடியும்? எந்த ஆண்டில் பயிர் மூழ்கியது? எந்த ஆண்டில் காய்ந்தது?

அடுத்த வகுப்பில் மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் இருக்கும் மாத மழையளவை எடுத்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கூட்டுத்தொகையை 30 ஆண்டுகளுக்குப் பட்டை வரைபடமாகப் போடச் சொல்லுங்கள். வரைபடத்தாளில் 100 மி.மீ.க்கு 1 செ.மீ. உயரம் வைத்தால் போதும். சராசரிக்கு மேல் போனால் நீலம், கீழே இருந்தால் பழுப்பு. மாநில அளவை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையின் தமிழகச் சராசரி ஏறத்தாழ 440 மி.மீ. 2015இல் அதைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாகப் பெய்தது. அடுத்த ஆண்டே, 2016இல், சுமார் 168 மி.மீ.தான். 62 சதவீதம் குறைவு. இந்த இரண்டு பட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் "அப்ப மழை கூடுதா, குறையுதா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். வானிலை வேறு, காலநிலை வேறு என்பதை அப்போது சொன்னால் மனதில் நிற்கும்.

இந்தப் பயிற்சி சறுக்கும் இடங்கள் உண்டு. கையேட்டில் சில மாதங்களுக்கு எண் இருக்காது, சிறு கோடு மட்டும் இருக்கும். மாணவர்கள் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால், இல்லாத வறட்சி ஒன்று வரைபடத்தில் முளைத்துவிடும். கோடு என்றால் பதிவு இல்லை என்று பொருள். அந்த ஆண்டை வெற்றிடமாக விடச் சொல்லுங்கள். இன்னொன்று, 30 ஆண்டுப் பட்டைகளில் ஏறுமுகமோ இறங்குமுகமோ தெரியாமல் போகலாம். அப்போது பாடம் கெட்டுவிட்டதே என்று பதறி, இல்லாத போக்கை இழுத்துக் காட்டாதீர்கள். ஒரே ஒரு மழைமானியின் கூட்டுத்தொகை உலகக் காலநிலையைச் சொல்லிவிடாது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பிறகு தினசரிப் பதிவுக்குப் போங்கள். 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது 'மழை நாள்'. அதே 900 மி.மீ. 45 நாளில் பெய்வதற்கும் 25 நாளில் கொட்டித் தீர்ப்பதற்கும் வயலில் எவ்வளவு வித்தியாசம் என்பது விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். தினசரிப் பதிவுகளுக்கு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் கல்லூரிக் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகு உலகக் கணக்கு வரட்டும். 2011–2020 பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பம், 1850–1900 காலத்தைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. "ஒரு டிகிரிதானே?" என்ற கேள்வி வந்தே தீரும். அதற்கு இரண்டு பதிலைக் கையில் வைத்திருங்கள். காற்று 1 டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். பெய்யும்போது கொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்தது நெல். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் பதிவுகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வில், கோடைப் போகத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்தது தெரிந்தது. பகல் வெயிலைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு, இரவுப் புழுக்கம் நெல்லைப் பாதிக்கும் என்பது புதுச் செய்தி. பிள்ளைகள் இதை வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

பருவநிலை மாற்றம், காலநிலை மாற்றம் இரண்டில் எதைச் சொல்லிக் கொடுப்பது? 'பசுமை இல்ல வாயு' என்றால் பிள்ளைகள் நல்ல வாயு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
— பள்ளி ஆசிரியர், வேதாரண்யம்

காலநிலை மாற்றம் என்றே சொல்லுங்கள். தமிழக அரசின் துறைப் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. டெல்டாவில் 'பருவம்' என்றால் குறுவைப் பருவம், சம்பாப் பருவம், பருவமழை. "பருவநிலை மாறுது" என்றால், "அது வருஷா வருஷம் மாறுறதுதானே" என்று பதில் வருவதில் வியப்பில்லை.

பசுமை இல்ல வாயு உங்கள் மாணவர்களை மட்டும் குழப்பவில்லை. பசுமை என்றாலே நமக்கு நல்லது. அரசு கட்டிக்கொடுத்த 'பசுமை வீடு' ஊருக்கு நாலு இருக்கிறது. குடைமிளகாய் போடும் 'பசுமைக்குடில்' வேறு. தேர்வுக்காக அந்தச் சொல்லைக் கடைசியில் எழுதிப் போடுங்கள். பாடம் முழுக்க 'வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு' என்று பேசுங்கள். விளக்கத்துக்குக் கண்ணாடி வீடு வேண்டியதில்லை. தெளிந்த மார்கழி இரவில் பனி கொட்டிக் குளிர்கிறது. வானம் மூடாப்பாக இருக்கும் இரவில் புழுங்குகிறது. தரை வெளியே விடும் வெப்பத்தை மேகம் தடுத்துத் திருப்பி அனுப்புவதால்தான் இது. கரியமில வாயுவும் மீத்தேனும் கண்ணுக்குத் தெரியாமல் இதே வேலையை இரவும் பகலும் செய்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

'நேர்மறைப் பின்னூட்டம்' என்பதும் இதே சிக்கல்தான். நேர்மறை என்றதும் நல்லது என்று எடுத்துக்கொள்வார்கள். 'தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழற்சி' என்றால் தீர்ந்தது. எந்தச் சொல்லையும் பாடத்தில் வைக்கும் முன் ஐந்து பேரிடம் அவரவர் மொழியில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மூன்று பேர் தவறாகச் சொன்னால் சொல்லை மாற்றுங்கள், கேட்டவரைக் குறை சொல்லாதீர்கள்.

முனைவர் பட்டத்துக்காகத் தலைமடை (வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் பகுதி), கடைமடை (கடைசியாகப் போய்ச் சேரும் பகுதி) விவசாயிகளின் காலநிலைப் புரிதலை ஆராய்கிறேன். முன்னோட்டத்தில் 30 பேரில் 28 பேர் "தெரியும், மாறிவிட்டது" என்கிறார்கள். எல்லோருக்கும் தெரிகிறது என்று எழுதிவிடலாமா?
— ஆய்வு மாணவி, திருவாரூர்

எழுத வேண்டாம். அந்த 28 உங்கள் கேள்வியிலிருந்து வந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய படிவத்தின் முதல் கேள்வி: "காலநிலை மாற்றத்தால் மழை தவறி வருவதை நீங்கள் அறிவீர்களா?" காலநிலை மாறுகிறது, மழை தவறுகிறது, முதலாவதால்தான் இரண்டாவது நடக்கிறது என்று மூன்று செய்திகளைக் கேள்வியே சொல்லிவிட்டது. வெயிலில் வீடு தேடி வந்த பெண்ணிடம் யாரும் "தெரியாது" என்று சொல்ல மாட்டார்கள். மோர் கொடுத்து "ஆமாம்மா" என்பார்கள்.

கேட்கும் விதம் எண்ணை எப்படி மாற்றும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. யேல் பல்கலைக்கழகமும் சிவோட்டர் நிறுவனமும் இந்தியா முழுக்க நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், 54 சதவீதம் பேர் புவி வெப்பமாதலைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். ஒரு சிறு விளக்கம் கொடுத்துவிட்டுக் கேட்டபோது, அது நடக்கிறது என்று 84 சதவீதம் பேர் சொன்னார்கள். இரண்டு எண்ணுமே உண்மைதான், ஆனால் அவை வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். உங்கள் ஆய்வு எதை அளக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்: சொல் தெரிந்திருப்பதையா, மாற்றத்தை உணர்ந்திருப்பதையா, காரணம் பற்றிய கருத்தையா?

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில், "நீங்கள் விவசாயம் தொடங்கிய காலத்துக்கும் இப்போதைக்கும் என்னென்ன மாறியிருக்கிறது?" என்று திறந்த கேள்வி. அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். 'காலநிலை' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து கடைசிப் பகுதி வரை வரக்கூடாது. அடுத்து காரணங்கள். 'ஓரளவு ஒத்துக்கொள்கிறேன், முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்' என்ற ஐந்து படி அளவுகோல் நம் ஊரில் பெரும்பாலும் வேலை செய்யாது. எல்லாரும் கடைசிப் படியில் போய் நிற்பார்கள். அதற்குப் பதில் பத்துப் புளியங்கொட்டையைக் கையில் கொடுங்கள். தரையில் நான்கு வட்டம் போடுங்கள்: மழை தவறியது, மேட்டூர்த் தண்ணீர் நேரத்துக்கு வராதது, வாய்க்கால் தூர்ந்தது, நிலத்தடி நீர் உப்பானது. விளைச்சல் போனதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று கொட்டையைப் பிரித்துவைக்கச் சொல்லுங்கள். ஐந்தாவதாக ஒரு வெறும் வட்டமும் போடுங்கள், நீங்கள் நினைக்காத காரணம் அவரிடம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்தவர் அதே கணக்கை வைப்பார். அதனால் தனித்தனியாக உட்காருங்கள், வைத்து முடித்ததும் எண்ணிக் குறித்துக் கலைத்துவிடுங்கள்.

ஆண்டைக் கேட்டால் நினைவு பிசகும். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி" என்பது ஐந்தாகவும் இருக்கும், பன்னிரண்டாகவும் இருக்கும். நிஷா புயல் 2008 நவம்பர், 2016–17 வறட்சி, கஜா புயல் 2018 நவம்பர் 16 என்று கம்பம் நட்டுக்கொண்டு, "கஜாவுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள்.

விவசாயி சொல்வதும் மழைப் பதிவும் ஒத்துப்போகாத இடத்தில் அவசரப்பட்டு 'தவறான புரிதல்' என்று அட்டவணையில் போடாதீர்கள். கடைமடைக்காரர் "தண்ணி கொறஞ்சுபோச்சு" என்றால் வானத்துத் தண்ணீரைச் சொல்கிறாரா, வாய்க்கால் தண்ணீரையா? மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. அவர் ஆண்டைக் கணக்கிடுவது இந்தத் தேதிகளை வைத்துத்தான். உங்கள் ஆய்வின் நல்ல அத்தியாயம் இந்த இடத்தில் கிடைக்கலாம்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. கிராம நிர்வாக அலுவலரின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டால் வாய்மொழிக் குத்தகைக்காரர்கள், கூலி வேலைக்குப் போகும் பெண்கள் விடுபடுவார்கள். மழை தள்ளிப்போனால் நடவுக்கூலி போவது அந்தப் பெண்களுக்குத்தான். 384 பேர் போதும் என்று பாடப்புத்தகம் சொல்வது மாவட்டம் முழுக்கச் சீட்டுப்போட்டு எடுத்தால் மட்டுமே பொருந்தும். ஒரே ஊரில் கேட்கும் இருபது பேர் ஒரே டீக்கடையில் பேசி ஏற்கெனவே ஒரு கருத்துக்கு வந்திருப்பார்கள். ஊருக்கு 20 பேர் வீதம் 30 ஊர், 600 பேர் என்று வைத்தால்தான் அந்த 384இன் பலத்தை ஓரளவு நெருங்கலாம். ஊர்களைத் தலைமடை, நடுமடை, கடைமடை என்று மூன்றாகப் பிரித்துப் பத்துப் பத்தாக எடுங்கள்.

கடைசியாக, வாசலில் நின்றதும் முதல் வாக்கியம் "இது நிவாரணக் கணக்கெடுப்பு இல்லை" என்பதாக இருக்கட்டும். கையில் படிவத்தோடு வருபவரைப் பார்த்ததும் அந்த எண்ணம்தான் வரும். சொல்லாமல் விட்டால் சேதக் கணக்கு ஒன்றரை மடங்காகும். அதைவிட, எதிர்பார்த்து ஏமாந்தவர் அடுத்த மாணவரிடம் பேசவே மாட்டார்.

ஒவ்வொரு புயலின்போதும் 'காலநிலை மாற்றத்தால்' என்று எழுதுவது சரியா?
— பகுதிநேரச் செய்தியாளர், நாகப்பட்டினம்

ஒவ்வொன்றுக்கும் எழுதக்கூடாது. எழுதவே கூடாது என்றும் இல்லை. கடலும் காற்றும் சூடாவதால் புயல் கொண்டுவரும் மழை கூடுகிறது, கடல்மட்டம் உயர்ந்திருப்பதால் அலை இன்னும் உள்ளே ஏறுகிறது என்பவற்றை உறுதியாக எழுதலாம். குறிப்பிட்ட ஒரு புயல் காலநிலை மாற்றம் இல்லாவிட்டால் வந்தே இருக்காது என்று எழுத வேண்டுமானால், அந்தப் புயலையே எடுத்துக் கணினி மாதிரிகளில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இருக்க வேண்டும். இல்லாதபோது, "சூடாகும் கடலில் இத்தகைய மழைக்கு வாய்ப்பு கூடுகிறது" என்பதோடு நிறுத்துங்கள்.

சுனாமியை இந்தப் பட்டியலில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்தது சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால். நாகையில் அத்தனை உயிர்களை இழந்த மக்களிடம் போய் அதைக் காலநிலையோடு முடிச்சுப்போட்டால், பிறகு நாம் சொல்லும் சரியான செய்தியும் எடுபடாது. பள்ளிச் சுவரொட்டிகளில் இந்தத் தவறு மிகச் சாதாரணமாக வருகிறது.

வயலில் தண்ணீர் நிற்பதற்கு எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். 12 செ.மீ. மழை பெய்தது வானிலை. அது ஐந்து நாள் வடியாமல் நின்றதற்கு வடிகாலில் மண்டிய ஆகாயத்தாமரை, தூர்ந்த முகத்துவாரம், இயங்காத மதகு எல்லாம் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் காலநிலை மேல் போட்டுவிட்டால் தூர் வாரவேண்டியவர் தப்பித்துக்கொள்வார். வடிகாலில் நேரில் நின்று பார்க்காமல் அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள்.

விஞ்ஞானி ஒருவர், மறுப்பவர் ஒருவர் என்று 'இரு தரப்பு' போடுவதும் நடுநிலை ஆகாது. 1988 முதல் 2002 வரையிலான அமெரிக்கப் பெரிய நாளிதழ்ச் செய்திகளை ஆராய்ந்து 2004இல் வந்த ஆய்வு, பாதிக்கும் மேற்பட்டவை இப்படிச் சரிபாதி இடம் கொடுத்தே அறிவியலைத் திரித்தன என்று காட்டியது. புவி சூடாவதற்கு மனிதச் செயலே காரணம் என்பதில் ஐயமில்லை என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021இல் சொல்லிவிட்டது. இனி இரு தரப்பு வேண்டுமென்றால், டெல்டாவில் என்ன செய்வது என்பதில் தேடுங்கள். அங்கே நிஜமாகவே பல தரப்பு உண்டு.

ஆரஞ்சு எச்சரிக்கை என்கிறார்கள், எங்கள் ஊரில் தூறல்கூட இல்லை. உழவர் குழுவின் வாட்ஸ்அப்பில் இனி இதையெல்லாம் போடாதே என்கிறார்கள். என்ன செய்வது?
— உழவர் குழுப் பொறுப்பாளர், திருத்துறைப்பூண்டி வட்டம்

வானிலை மையத்தின் அறிக்கையை அப்படியே ஒட்டுவதுதான் சிக்கல். அதில் 'ஓரிரு இடங்களில்' என்பது வெறும் பேச்சு வழக்கு இல்லை. அந்தப் பரப்பில் உள்ள மழைமானிகளில் நாலில் ஒரு பங்கு வரைதான் மழை பதிவாகும் என்று அதற்கு அளவு உண்டு. அதாவது நாலில் மூன்று ஊருக்கு வராமலே போகலாம், அப்போதும் அறிவிப்பு சரிதான். 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., 'மிக கனமழை' 12 முதல் 20, 'அதி கனமழை' 21 செ.மீ.யும் அதற்கு மேலும். நிறம் மழையளவை மட்டும் சொல்வதில்லை: மஞ்சள் கவனமாக இரு, ஆரஞ்சு தயாராகு, சிவப்பு உடனே செயல்படு.

செய்தியை வயல் கணக்கில் மாற்றிப் போடுங்கள். ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் அது ஏறத்தாழ 1,35,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி பதினொன்றை வயலில் கவிழ்த்த மாதிரி. இது போய்ச் சேரும். நீளமான குரல்பதிவை யாரும் கடைசி வரை கேட்பதில்லை, 40 விநாடிக்குள் முடியுங்கள். இப்படி இருக்கலாம்:

"நாளைக் காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரைக்கும். நம்ம மாவட்டத்துல ஓரிரு இடத்துல 7லேர்ந்து 11 சென்டிமீட்டர் மழை. நம்ம ஊருக்கு வரலாம், வராமலும் போகலாம். யூரியா போட இருந்தா ரெண்டு நாள் தள்ளிவைங்க. வடிகால் மடையை இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள போய்ப் பாருங்க. நாளைக்கு மத்தியானம் மறுபடி சொல்றேன்."

சொன்னபடி மறுநாள் சொல்லியே ஆகவேண்டும், மழை வரவில்லை என்றாலும். எது வராமல் போனாலும் நட்டமில்லாத வேலை, எது நட்டம் தரும் வேலை என்றும் பிரியுங்கள். மடையைப் பார்த்து வருவதற்குச் செலவில்லை. மஞ்சள் எச்சரிக்கைக்கே செய்யச் சொல்லலாம். பச்சை மாறாத கதிரை முன்கூட்டி அறுப்பது பெருநட்டம், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பிவிடுவார்கள். அதைச் சிவப்பு எச்சரிக்கையும் அடுத்த நாள் அறிக்கையும் ஒத்துப்போனால் மட்டும் பேசுங்கள்.

பருவம் முழுக்க ஒரு நோட்டில் நாலு கட்டம் போட்டுக் குறித்து வாருங்கள்: சொன்னது, பெய்தது; சொன்னது, பெய்யவில்லை; சொல்லவில்லை, பெய்தது; சொல்லவில்லை, பெய்யவும் இல்லை. தை பிறந்ததும் குழுவில் வாசித்துக் காட்டுங்கள். பிழையை மறைக்காதவர் சொல்வதைத்தான் ஊர் கேட்கும்.

எட்டாம் வகுப்பில் காலநிலைப் பாடம் முடிந்ததும் ஒரு பிள்ளை, "நம்ம ஊர் கடல்ல மூழ்கிடுமா டீச்சர்?" என்று அழுதுவிட்டாள். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
— ஆசிரியை, தரங்கம்பாடி

"மூழ்காது" என்று சமாதானம் சொல்வதும், மூழ்கிய ஊரின் படத்தைக் காட்டுவதும் இரண்டுமே தப்பு. கணக்கைச் சொல்லுங்கள். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தது, ஒரு சாண் அளவு. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மி.மீ. வீதம் உயர்ந்தது, வேகம் கூடியிருக்கிறது. நாளை காலையில் ஊர் மூழ்காது. ஆனால் அலை ஏறுவதும் கிணற்றில் உப்பு ஏறுவதும் கூடும், அதற்குப் பெரியவர்கள் இப்போதே வேலை செய்ய வேண்டும், செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் படத்திலாவது காட்டுங்கள். பயத்தை மட்டும் கொடுத்து, செய்வதற்கு எதுவும் கொடுக்காவிட்டால் பிள்ளைகள் அந்தப் பேச்சையே ஒதுக்கிவிடுவார்கள்.

கைக்கு ஒரு வேலையாக மழைமானி நல்லது. பக்கம் நேராக இருக்கும் 2 லிட்டர் குளிர்பானப் பாட்டிலை, கழுத்துச் சரிவு முடியும் இடத்தில் வெட்டுங்கள். மேல் துண்டைத் தலைகீழாக்கி, மூடியை எடுத்துவிட்டுப் புனல் மாதிரி உள்ளே வையுங்கள். அடியில் உள்ள மேடு பள்ளம் அளவைக் கெடுக்கும். கூழாங்கல் போட்டு, பாட்டிலின் நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் குறியுங்கள். அதிலிருந்து மேலே மி.மீ. அளவுகோலை ஒட்டுங்கள். வாய் அகலமும் பாட்டில் அகலமும் ஒன்றாக இருந்தால்தான் அளவுகோல் எண் அப்படியே மழையளவாகும். பெரிய பிளாஸ்டிக் புனலை மாட்டினால் மழை கூடுதலாகக் காட்டும். மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, திறந்த இடத்தில், செங்கல் அணைத்து வையுங்கள். தினமும் காலை 8.30க்குப் பார்க்க வேண்டும். வெயில் நாளில் தண்ணீர் ஆவியாகிப் பூஜ்யத்துக்குக் கீழே போகும், மறுபடி நிரப்ப ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை யார் பார்ப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்யாவிட்டால், திங்கள்கிழமை எண் இரண்டு நாள் மழையாகிவிடும்.

வயலில் தண்ணீர் கட்டுவதால் மீத்தேன் வருகிறது என்று கூட்டத்தில் சொன்னதும் விவசாயிகள் கோபப்பட்டு எழுந்துவிட்டார்கள்.
— வேளாண் களப்பணியாளர், பாபநாசம் வட்டம்

எழுந்ததில் நியாயம் இருக்கிறது. குற்றவாளியாக்கிவிட்டு யோசனை சொன்னால் யார் கேட்பார்கள்? மீத்தேனைக் குறைக்க வயலை இடையிடையே காயவிட்டுத் தண்ணீர் கட்டும் முறைக்குத் தமிழில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று அழகான பெயர் இருக்கிறது. தண்ணீர் மிச்சம், மோட்டார் ஓடும் நேரம் மிச்சம் என்று அதிலிருந்து தொடங்குங்கள். 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலமுள்ள பிவிசி குழாயில் கீழ்ப்பாதியில் துளை போட்டு, துளையுள்ள பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி வரப்போரம் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை வழித்து எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கினதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடக்கூடாது. உள்ளே மண்ணை எடுக்காமல் விட்டால் தண்ணீர் மட்டம் தெரியாது, "குழாய் சரியில்லை" என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

இடத்தைப் பார்த்துப் பேசுங்கள். ஆழ்துளைக் கிணற்றுக் குறுவைக்கு இது பொருந்தும். ஐப்பசியில் மழைநீர் வடியாத சம்பா வயலிலும், முறை வைத்துத் தண்ணீர் விடும் கடைமடையிலும் காயவிடுவது விவசாயி கையில் இல்லை. மீத்தேனைக் கடைசியில், "இதனால் காற்றுக்கும் நல்லது" என்று ஒரு வரியில் சொல்லுங்கள். வாயுவைக் குறைத்ததற்குக் கார்பன் பணம் வரும் என்று கையெழுத்தான ஒப்பந்தம் இல்லாமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஓசோன் ஓட்டையால்தான் வெயில் கூடுகிறது என்று வரும் வாட்ஸ்அப் செய்திக்கு எப்படிப் பதில் எழுதுவது?
— வாசகர், கும்பகோணம்

சரியான செய்தியில் தொடங்கி அதிலேயே முடியுங்கள். தவறானதை நடுவில் ஒரு முறை மட்டும் சொல்லுங்கள். "நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிப்பதால் சேரும் கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. ஓசோன் ஓட்டைதான் காரணம் என்பது சரியில்லை. ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிரை. அது வேறு பிரச்சினை, 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் சரியாகி வருகிறது. வெயில் கூடுவதற்குக் காரணம் எரிபொருள் புகைதான்." இவ்வளவு போதும். அனுப்பியவரின் பெயரைக் குழுவில் இழுக்காதீர்கள்.

சமுதாய வானொலியில் வாரம் ஒரு காலநிலை நிகழ்ச்சி செய்கிறோம். பயன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— தன்னார்வலர், நாகப்பட்டினம் மாவட்டம்

வானொலி என்ன செய்யும் என்பதற்கு டெல்டாவே சாட்சி. 1960களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து வந்த குறுகியகால ரகமான ஏடிடி 27ஐத் திருச்சி வானொலி வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் பயிரிட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. அங்கே ஒரு ரகம், ஒரு பருவம், விதை கிடைக்கும் இடம் எல்லாம் சேர்ந்து போனது. உங்கள் நிகழ்ச்சியும் வாரத்துக்கு ஒரே ஒரு வேலையைச் சொல்லட்டும்.

'நிகழ்ச்சி பிடித்ததா?' என்று கேட்டால் எல்லோரும் பிடித்தது என்பார்கள். ஒலிபரப்புக்கு முன் உங்கள் எல்லைக்குள் 20 பேரிடமும், அலை எட்டாத பக்கத்து ஊரில் 20 பேரிடமும் ஒரே மாதிரி மூன்று கேள்வி கேளுங்கள். உதாரணத்துக்கு, வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல் எத்தனை நாள் மூழ்கினால் பிழைக்கும்? இரண்டு வாரம் வரை என்பது பதில். ஆறு வாரம் கழித்து அதே 40 பேரிடம் மறுபடி கேளுங்கள். இரண்டு ஊரிலும் ஒரே அளவு கூடியிருந்தால் அது வேறு எங்கிருந்தோ வந்த செய்தி. உங்கள் ஊரில் மட்டும் கூடியிருந்தால், அடுத்ததாக விதைக் கடையில் போய் அந்த ரகத்தை எத்தனை பேர் கேட்டு வந்தார்கள் என்று விசாரியுங்கள். ஆடி பிறக்கும் முன்பே கடைக்காரரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, கேட்டு வருபவர்களைக் கோடு போட்டுக் குறித்துவைக்கச் சொல்லிவிடுங்கள்.